சுவரில் ஐஎஸ்ஓ, கையில் சிஎஸ்ஆர்

போன வாரம் சட்ட ஆலோசனை கேட்டு என்னிடம் ஒருவர் வந்தார். தையல் கடை வைத்திருக்கிறார். கடை வாசலில் நிறுத்திய பைக் நான்கு மாதம் முன்பு காணாமல் போயிருக்கிறது. அன்றைக்கே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது இன்ஷூரன்ஸில் எஃப்ஐஆர் கேட்கிறார்கள். "இதோ இருக்கே சார்" என்று லேமினேட் செய்த தாள் ஒன்றை நீட்டினார். பார்த்தால் சிஎஸ்ஆர் ரசீது. அதாவது மனு வந்ததைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டதற்கான சீட்டு, வழக்குப் பதிந்ததற்கான எஃப்ஐஆர் அல்ல.

"நாலு மாசமா ஏங்க திரும்பப் போய்க் கேட்கல?"

"அது ஐஎஸ்ஓ ஸ்டேஷன் சார். உள்ள நுழைஞ்சதும் சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காங்க. அங்கெல்லாம் சரியாத்தான் செய்வாங்கன்னு விட்டுட்டேன்."

இந்த வருடத்தில் இந்தப் பதிலைக் கேட்பது மூன்றாவது தடவை. படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில், ஐஎஸ்ஓ யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. அது ஜெனீவாவில் இருக்கும் அமைப்பு. தரநிலைகளை எழுதி வெளியிடுவது அதன் வேலை, அதோடு சரி. ஸ்டேஷன் சுவரில் தொங்குவதைக் கொடுத்தது ஒரு சான்றளிப்பு நிறுவனம். அந்த நிறுவனத்துக்கே அங்கீகாரம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. இந்தியாவில் அதற்கென்று இந்தியத் தர மன்றத்தின் கீழ் ஒரு வாரியம் இருக்கிறது. ஃபிரேமின் ஓரத்தில் அந்த முத்திரை இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்?

இரண்டாவது, அங்கே பெரும்பாலும் மாட்டியிருப்பது ஐஎஸ்ஓ 9001. அது போலீசுக்காக எழுதியதல்ல. பம்ப்செட் கம்பெனிக்கும் அதே தரநிலைதான், பள்ளிக்கூடத்துக்கும் அதேதான். இன்ன வேலையை இன்ன முறையில் செய்வோம் என்று வகுத்திருக்கிறீர்களா, அதன்படி நடக்கிறீர்களா, நடந்ததற்குப் பதிவு இருக்கிறதா, பிசகினால் திருத்துகிறீர்களா என்று அது கேட்கிறது. வாடிக்கையாளருக்குத் திருப்தியா என்றும் கேட்கிறது. ஸ்டேஷனில் வாடிக்கையாளர் யார்? புகார் கொடுத்தவரா, லாக்கப்பில் இருப்பவரா? இதற்கு எனக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

தணிக்கைக்கு வருபவர் ஓரிரு நாள் இருந்து பதிவேடுகளைப் புரட்டுவார். நம் தையல்காரரின் மனு சிஎஸ்ஆர் பதிவேட்டில் வரிசை எண்ணோடு, தேதியோடு, ரசீது கொடுத்த குறிப்போடு அழகாக இருக்கும். அது எஃப்ஐஆர் ஆகியிருக்க வேண்டிய மனு என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் தெரியாது. என்னைக் கேட்டால், பைக் திருட்டுக்கு வெறும் சிஎஸ்ஆர் போட்டு அனுப்பும் ஸ்டேஷனின் காகிதங்கள்தான் மிகச் சுத்தமாக இருக்கும். நிலுவை வழக்கும் குறைவாகத் தெரியும்.

மூன்றாவது, அந்தச் சான்று மூன்று வருடத்துக்குத்தான். நடுவில் வருடா வருடம் கண்காணிப்புத் தணிக்கை நடக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டேஷனில் தேதி முடிந்து இரண்டு வருடமாகிறது. கண்ணாடியை மட்டும் தினமும் துடைக்கிறார்கள்.

குறை மட்டும் சொல்லக் கூடாது. இந்தச் சான்றுக்காக ஏற்பாடு செய்த ஸ்டேஷன்களில் மனுதாரர் உட்கார நாற்காலி இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இருக்கிறது. வழக்குச் சொத்துகளை அட்டை கட்டி அடுக்கியிருக்கிறார்கள். குற்ற எண்ணைச் சொன்னதும் பொருளை எடுத்துத் தரும் ஸ்டேஷனில் எனக்கே அரை நாள் மிச்சமாகும்.

அமெரிக்காவில் போலீசுக்கென்றே தனித் தரநிலைகள் உண்டு. 1979-ல் நான்கு போலீஸ் அமைப்புகள் சேர்ந்து கேலியா என்ற அங்கீகார ஆணையத்தை உண்டாக்கின. பலப்பிரயோகம், சான்றுப்பொருள் பாதுகாப்பு, சொந்த ஆட்கள்மீது வரும் புகார் விசாரணை என்று நேராகத் தொழிலுக்குள் இறங்கிக் கேட்கும் முறை அது. அதுவும் விருப்பப்பட்டால் சேர்வதுதான். அங்கீகாரம் பெற்ற துறைகள்மேலும் அங்கே வழக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

இங்கே கருவி இருப்பதற்கும் அது வேலை செய்வதற்கும் உள்ள தூரத்தை 2020-ல், காவலில் தந்தையும் மகனும் இறந்த சாத்தான்குளம் விவகாரத்தில் பார்த்தோம். கேமரா இருந்தது, ஹார்டு டிஸ்க்கில் இடமும் இருந்தது. ஆனால் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். அதே வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஸ்டேஷன் கேமராப் பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்கும் வசதி வேண்டும், முடியாத இடத்தில் ஒரு வருடமாவது வேண்டும் என்றது. ஸ்டேஷனுக்குள் உங்களுக்கு ஏதாவது நடந்தால் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். 'அப்புறம் பார்க்கலாம்' என்ற பேச்சே வேண்டாம்.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஃபிரேமைப் பார்க்காதீர்கள், தாளைப் பாருங்கள். குற்ற எண்ணும் சட்டப் பிரிவும் இருந்தால் அது எஃப்ஐஆர். மனு எண் மட்டும் இருந்தால் அது நீங்கள் வந்து போனதற்கு ரசீது. எஃப்ஐஆர் நகல் இலவசம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 173-ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது. 'எங்க எல்லை இல்ல' என்று திருப்பி அனுப்ப முடியாது, எந்த ஸ்டேஷனிலும் பதியலாம். ஆன்லைனில் புகார் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடுங்கள், இதைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறீர்கள். சில குற்றங்களில், டிஎஸ்பி அனுமதியோடு, பதிவதற்கு முன் விசாரிக்கிறோம் என்பார்கள். அதற்குப் பதினான்கு நாள்தான் கணக்கு, நான்கு மாதம் அல்ல.

பதிய மறுத்தால் சண்டை போடாதீர்கள். எஸ்.பி.க்கு, மாநகரமென்றால் துணை ஆணையருக்கு, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அந்த ஒப்புகையைத் தயவுசெய்து பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு மாஜிஸ்திரேட்டிடம் பிரமாண வாக்குமூலத்தோடு போகும்போது நான் முதலில் கேட்பது அதைத்தான். அதைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது, மறைத்துப் பயனில்லை.

தையல்காரரின் புகார் நேற்று தபாலில் போய்விட்டது. எதிர்க் கடைக் கேமராவைப் போய்க் கேட்டோம். பதினைந்து நாள் பதிவுதான் நிற்குமாம்.