பேட்ச் ஒர்க் முடியும் வரை முடியில் கத்தரி வேண்டாம்

இளையோர் தொடர்களில் நடிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும்தான் இது. பேட்ச் ஒர்க் என்றால், படப்பிடிப்பு முடிந்த பிறகு விட்டுப்போன ஷாட்களை எடுப்பது. ஷெட்யூல் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒட்ட முடி வெட்டிக்கொண்டு செட்டில் வந்து நிற்பதை இனியும் பொறுக்க முடியாது. கேட்டால் ஒரே பதில்: "அவனோட எபிசோடுதான் எடுத்தாச்சே!"

எடுக்கவில்லை. எபிசோடு எபிசோடாக நாங்கள் படம்பிடிப்பதில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. பள்ளி வராண்டாவில் நடப்பதாக முதல் எபிசோடில் 3 காட்சி, நான்காவதில் 1, எட்டாவதில் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். வராண்டா கிடைக்கும் நாட்களில் ஆறையும் எடுத்துவிடுவோம். நண்பர்கள் பிரியும் காட்சி காலையில், அவர்கள் முதன்முதலாகச் சந்திக்கும் காட்சி மதியம் என்றுகூட அமையும். ஒரே காட்சியும் துண்டாகும். பையன் வெளியிலிருந்து கதவைத் தள்ளுவதை இன்று தெருவில் எடுப்போம். உள்ளே காலெடுத்து வைப்பதை மூன்று வாரம் கழித்து செட்டில் எடுப்போம். திரையில் இரண்டுக்கும் நடுவே ஒரு நொடிகூட இல்லை. அதற்குள் முடி இரண்டு அங்குலம் குறைந்திருந்தால் பார்க்கிறவர் கதையை விட்டுவிட்டுத் தலையைத்தான் பார்ப்பார்.

விக் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். க்ளோஸப்பில் நெற்றியோரம் காட்டிக்கொடுக்கும். முகத்துக்குப் பொருந்தும் நல்ல விக் தயாராக வாரக்கணக்கில் ஆகும். ஓடுகிற, மழையில் நனைகிற காட்சி என்றால் அதுவும் கைகொடுக்காது.

நேரத்தையும் யோசியுங்கள். ஸ்கிரிப்டில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். பக்கத்தை எட்டுப் பங்காக்கி, இந்தக் காட்சி 3/8, அது 1 2/8 என்று கணக்குப் போட்டுத்தான் நாளைத் திட்டமிடுகிறோம். ஒரே கேமராவில் 5 பக்கம் முடிந்தால் அது நல்ல நாள். 18 வயது நிரம்பாதவர்களின் வேலை நேரத்துக்குப் பல நாடுகளில் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. படிப்பும் ஓய்வும் அதற்குள் அடங்க வேண்டும். அதனால்தான் பிள்ளைகளின் க்ளோஸப்பை முதலில் எடுத்து அனுப்பிவிட்டு, எதிரில் பேசும் பெரியவர்களின் ஷாட்டைப் பிறகு எடுக்கிறோம். முடியைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் போனால், அதை இரவில் ஈடுகட்ட வழியில்லை. காட்சிதான் கைவிடப்படும்.

முடி மட்டுமல்ல. புருவம் திருத்துவது, காது குத்துவது, நகப்பூச்சு, வெயிலில் விளையாடித் தோல் கறுப்பது எல்லாமே கன்டின்யூட்டியை, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தோற்றம் மாறாமல் தொடர்வதை, குலைக்கும். ஒவ்வொரு காட்சிக்கும் முன்புறம், இரு பக்கவாட்டு, பின்புறம், கைகள் என்று புகைப்படம் எடுத்து வைப்பது இதற்காகத்தான். பல்லுக்குக் கிளிப் போட வேண்டும் என்றால் ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்லுங்கள். பாத்திரத்துக்கே அதைச் சேர்த்துவிட முடியும்.

வளர்வதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. குரல் உடையத் தொடங்கினால் மறைக்காமல் சவுண்ட் ஆட்களிடம் சொல்லுங்கள், தம்பி. இது வெட்கப்படும் விஷயமே இல்லை. மாதக்கணக்கில் கழித்து டப்பிங்குக்கு வரும்போது பழைய குரல் இருக்காது. முன்பே தெரிந்தால் எடுத்த அன்றே, அதே இடத்தில், கேமரா இல்லாமல் வசனத்தை மட்டும் சுத்தமாகப் பதிவு செய்துகொள்வோம்.

கடைசி நாள் கைதட்டிப் பூங்கொத்து கொடுத்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. எடிட்டில் உட்காரும்போதுதான் ஒரு பார்வை குறைகிறது, கையில் கடிதம் இருக்கும் ஷாட் இல்லை என்று தெரியும். அதற்குத்தான் பேட்ச் ஒர்க். எடிட் இறுதியாகி, "இனி தோற்றத்தை மாற்றலாம்" என்று தயாரிப்புத் தரப்பு எழுத்தில் தரும்வரை பொறுங்கள். எந்தத் தேதி வரை என்று ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். வெட்டியே ஆகவேண்டிய காரணம் இருந்தால் ஷெட்யூல் போடும் முன் சொல்லுங்கள், அந்தப் பிள்ளையின் காட்சிகளை முன்னுக்குக் கொண்டுவரலாம். நடுவில் முடி வளர்ந்துவிட்டால் சலூனுக்குப் போகாதீர்கள். புகைப்படத்தைப் பார்த்து அதே நீளத்துக்கு ட்ரிம் செய்ய யூனிட்டிலேயே ஹேர் டிரெஸ்ஸர் இருக்கிறார்.