நாலு ஸ்க்ரீன்ஷாட் போதாது: மெசேஜை வழக்குக்காகக் காப்பாற்றி வைப்பது எப்படி

கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பவில்லை, வீட்டு அட்வான்ஸைத் தர மறுக்கிறார்கள், வேலை முடிந்தும் காண்ட்ராக்டர் கூலி தரவில்லை. இந்த மாதிரி விவகாரங்களில் இப்போதெல்லாம் புரோநோட்டு இருப்பதில்லை, வாட்ஸப்தான் இருக்கிறது. கட்சிக்காரர்களும் போனை நீட்டி, "எல்லாம் இதுல இருக்கு சார்" என்பார்கள். வாங்கிப் பார்த்தால் நாலு ஸ்க்ரீன்ஷாட் இருக்கும், அசல் சாட் இருக்காது. போன் மாற்றும்போது போயிருக்கும், இல்லையென்றால் கோபத்தில் ஆளை பிளாக் செய்து மொத்தத்தையும் அழித்திருப்பார்கள்.

ஸ்க்ரீன்ஷாட் வீண் என்று சொல்லவில்லை. ஆனால் அதன் தலைப்பில் 'சித்தப்பா' என்றோ 'மேஸ்திரி புதுசு' என்றோ நீங்கள் சேமித்த பெயர்தான் தெரியும், நம்பர் தெரியாது. எந்த நம்பரையும் எந்தப் பெயரிலும் சேமிக்கலாம் என்பது எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் தெரியும். இந்த நாலு படத்துக்கு முன்னால் என்ன பேசினீர்கள், ஏன் அதைக் காட்டவில்லை என்று குறுக்கு விசாரணையில் கேட்பார். "தர்றேன்" என்ற ஒற்றை வார்த்தைக்கு, அதற்கு மேலே இருக்கும் பத்து செய்திகள் இல்லாமல் அர்த்தம் கிடையாது.

"கோர்ட் கேட்டா கம்பெனிக்காரன் எடுத்துக் கொடுப்பான்ல?" என்பது அடுத்த நம்பிக்கை. சிம் கம்பெனியிடம் எந்த நம்பரிலிருந்து எந்த நம்பருக்கு எப்போது அழைப்போ எஸ்எம்எஸ்ஸோ போனது என்ற பதிவு குறைந்தது 2 ஆண்டுகள் இருக்கும். எஸ்எம்எஸ்ஸில் என்ன எழுதியிருந்தது என்பது அந்தப் பதிவில் வராது. வாட்ஸப்போ, செய்தி போய்ச் சேர்ந்ததும் தன் சர்வரிலிருந்து அதை எடுத்துவிடுகிறது. ஆக, பேச்சு இருப்பது உங்கள் போனிலும் எதிராளி போனிலும்தான். எதிராளி தன் போனைக் கொண்டுவந்து உங்களுக்கு உதவப் போவதில்லை.

சரி, பேக்கப் இருக்கிறதே? ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்குக்கும், ஐபோனில் ஐகிளவுடுக்கும் போகும். தானாக எடுக்க வைத்திருந்தால் பெரும்பாலும் ராத்திரியில் ஓடும். அது பழையதைத் தனியாக அடுக்கி வைக்கும் பெட்டகம் அல்ல, பழையதன் மேலேயே புதியது உட்காரும். இன்று ஒரு சாட்டை அழித்தால் நாளைய பேக்கப்பில் அது இருக்காது. அப்புறம், புதுப் போனில் வாட்ஸப் போடும்போது 'ரீஸ்டோர்' செய்யட்டுமா என்று ஆரம்பத்திலேயே கேட்கும். அவசரத்தில் 'ஸ்கிப்' அழுத்திவிட்டு, புதிதாக ஒரு பேக்கப்பும் ஓடிவிட்டால் பழையது போனது போனதுதான். கூகுளின் 15 ஜிபி இலவச இடம் கல்யாண வீடியோக்களால் நிரம்பியிருந்தால் பேக்கப் நின்றிருக்கும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. பேக்கப்புக்கு பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ வைத்தவர்கள் அதைத் தொலைத்தால் வாட்ஸப்பாலும் திறக்க முடியாது. செட்டிங்ஸில் 'சாட் பேக்கப்' பக்கத்தைத் திறந்து கடைசித் தேதியை மட்டுமாவது இன்றைக்குப் பாருங்கள்.

பணமோ தகராறோ கலந்த சாட்டை மட்டும் தனியாக ஏற்றுமதி செய்து வைப்பது நல்லது. ஆண்ட்ராய்டில் சாட்டைத் திறந்து மூன்று புள்ளி, 'மோர்', 'எக்ஸ்போர்ட் சாட்'. ஐபோனில் மேலே பெயரைத் தொட்டுக் கீழே இறங்கினால் அதே வாய்ப்பு வரும். படங்களும் வாய்ஸ் நோட்டுகளும் முக்கியம் என்றால் மீடியாவோடு எடுத்து, உங்கள் மெயிலுக்கே அனுப்புங்கள், அனுப்பிய தேதியும் பதிவாகும். எதிராளி 'அட்வான்ஸ்டு சாட் பிரைவசி'யைப் போட்டிருந்தால் எக்ஸ்போர்ட் ஆகாது. அப்போது இன்னொரு போனால், அவருடைய நம்பர் தெரியும் காண்டாக்ட் பக்கத்தில் தொடங்கி, சாட்டை முதலிலிருந்து கடைசிவரை நகர்த்தியபடி வீடியோ எடுத்து வைக்கலாம்.

ஒன்று முக்கியம்: எக்ஸ்போர்ட் செய்தால் கிடைப்பது யாரும் திருத்தக்கூடிய ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். அதை எடுத்துவிட்டோம் என்று அசலை அழிக்கக் கூடாது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில், செய்தி முதலில் பதிவான கருவியின் சொந்தக்காரரே கூண்டில் ஏறி அதை நிரூபித்தால், அந்த அசலுக்கு மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் தேவையில்லை என்று சொன்னது. நகல், பிரிண்ட் என்று போனால் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு அதற்கு இரண்டு பகுதி கொண்ட படிவமே தந்திருக்கிறது. முதல் பகுதியைத் தாக்கல் செய்பவரும், இரண்டாவதை நிபுணரும் நிரப்ப வேண்டும். போனின் மாடல், நிறம், சீரியல் நம்பர், ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண், ஃபைலின் ஹாஷ் மதிப்பு (ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் குறியீடு) எல்லாம் அதில் கேட்கப்படுகின்றன. நிறத்தைக்கூடக் கேட்பதைப் பார்த்து எங்களுக்கே சிரிப்பு வந்தது. ஐஎம்இஐ தெரிய *#06# அடித்தால் போதும். போனின் பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள்.

வழக்கு நடக்கும்போது போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். டிஸ்ப்ளே உடைந்து கடைக்குப் போனால், "சாஃப்ட்வேர் போடணும்" என்று சொன்ன இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்கு அர்த்தம் உள்ளே இருப்பது எல்லாம் காலி என்பதுதான்.

காலம் சில நேரம் நமக்கு எதிராக ஓடும். செய்தி அனுப்பியவர் சுமார் இரண்டரை நாள் வரை அதை 'எல்லோருக்கும்' அழிக்கலாம். 'மறையும் செய்திகள்' 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைக்கப்படுகிறது. கடன் வாங்கிய ஆள் திடீரென அதைப் போட்டால் நான் நல்ல எண்ணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன், அன்றே சாட்டை எடுத்து வையுங்கள். பொதுவாகக் கைமாற்றுக் கடனுக்கு வழக்குப் போட 3 ஆண்டுகள்தான். "கொஞ்சம் பொறுங்க" மெசேஜ்களை நம்பிக் காலக்கெடுவைத் தாண்டியவர்கள் நிறைய.

எஸ்எம்எஸ்ஸைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, வங்கி மோசடி வரும்வரை. கூகுள் மெசேஜஸில் ஓடிபிக்களை 24 மணி நேரத்தில் தானாக அழிக்கும் வசதி இருக்கிறது. ஐபோனில் செய்திகளை 30 நாளோ ஓராண்டோ மட்டும் வைத்திருக்கும்படி அமைக்கலாம். இரண்டையும் நிறுத்திவிடுங்கள். 2017-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் வங்கியிடம் புகார் செய்தவருக்கு இழப்பு இல்லை. ஆகவே பணம் எடுக்கப்பட்ட எஸ்எம்எஸ் எத்தனை மணிக்கு வந்தது என்பதே வாதமாகிவிடும். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐயும் உடனே அழைத்துப் புகார் செய்யுங்கள். வங்கியின் எஸ்எம்எஸ், மோசடிக்காரன் அனுப்பிய லிங்க், புகார் எண் வந்த எஸ்எம்எஸ், மூன்றும் போனிலேயே இருக்கட்டும்.