ரிக்கர் கார்டும் கம்பெனி கணக்கும்: சிங்கப்பூருக்குத் தூக்குவேலைக்குப் போகிறவர்களுக்கு

சிங்கப்பூருக்குக் கிளம்புகிற பையன்களிடம் ஊர் ஏஜென்ட் விற்கும் சரக்குகளில் ஒன்று "ரிக்கர் சர்டிஃபிகேட்". ரிக்கர் என்றால் கிரேன் தூக்கும் சுமையைக் கட்டி மாட்டுபவர். நாலு நாள் வகுப்பு, லேமினேட் செய்த அட்டை, சுமையைக் கட்டும் ஸ்லிங் பட்டையைப் பிடித்தபடி ஒரு போட்டோ. இதோடு போனால் நேராக ரிக்கர் சம்பளம் என்பார்கள். அந்த அட்டையை நம்பி சிங்கப்பூர் சைட்டில் ஒரு குழாயைக்கூடக் கட்டித் தூக்க முடியாது. அங்கே அரசு ஏற்ற பயிற்சி நிலையத்தில் படித்துத் தேறினால்தான் ரிக்கர். வேலைக்குச் சேர்ந்த பிறகு கம்பெனி அனுப்பி, கம்பெனி செலவில் படிப்பதுதான் முறை.

ஸ்கில் டெஸ்டை இதோடு குழப்பிக்கொள்கிறவர்களும் நிறைய. அது கட்டுமான ஒர்க் பெர்மிட் வாங்குவதற்கான தேர்வு. அதில் பைப் ஃபிட்டிங் தேறியவரும் ரிக்கர் ஆகிவிட மாட்டார். கிரேன் ஓட்டலாம் என்றும் ஆகாது. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கேட்கும் ஏஜென்டிடம் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

விதி என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011-இல் வந்த கிரேன் இயக்க விதிமுறைகளின்படி, தூக்குவேலை என்றால் எழுத்தில் லிஃப்டிங் பிளான் இருக்க வேண்டும். லிஃப்டிங் சூப்பர்வைசர், ரிக்கர், கிரேன் ஆபரேட்டர், ஆபரேட்டர் கண்ணுக்குச் சுமை தெரியாத இடத்தில் சிக்னல்மேன், இவர்கள் எல்லாரும் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். ஆபரேட்டர் கூடுதலாக மனிதவள அமைச்சிடம் பதிவும் செய்திருக்க வேண்டும். அவ்வளவுதான். மீதிப் பக்கங்களைப் படிக்க வேண்டியது உங்கள் முதலாளி.

குழாய் பதிக்கும் வேலையில் "கண்ணுக்குத் தெரியாத இடம்" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பள்ளத்துக்குள் குழாய் இறங்கியதும் கேபினில் இருப்பவருக்கு அது தெரியாது. உள்ளே நிற்கும் இரண்டு பேரும் தெரிய மாட்டார்கள். ஆகவே சிக்னல்மேன் இல்லாமல் அந்த வேலையே கிடையாது. நடைமுறையில் என்ன நடக்கிறது? கார்டு உள்ள ஒருவர் இரண்டு பள்ளத்துக்கும் பெயரளவில் நிற்பார். இரண்டாவது பள்ளத்தில் நேற்று வந்த பையன் கையைக் காட்டிக்கொண்டிருப்பான். இன்ஸ்பெக்டர் வந்தால் ஹெல்மெட்டும் பச்சைச் சட்டையும் கை மாறும். விபத்து நடந்தால் முதல் கேள்வி, "கார்டு இல்லாமல் நீ ஏன் சிக்னல் கொடுத்தாய்?" கேட்பவர், கொடுக்கச் சொன்ன அதே சூப்பர்வைசர்.

ரிக்கரின் கடமைகளை விதியே சொல்லிவிடுகிறது: ஸ்லிங், அதைக் கோக்கும் இரும்பு வளையமான ஷாக்கிள் இரண்டும் சரியா என்று பார்ப்பது, சுமையின் எடையைத் தெரிந்துகொண்டு லிஃப்டிங் சூப்பர்வைசரிடம் சொல்வது, சுமை இறுகக் கட்டப்பட்டதா என்று உறுதி செய்வது, பழுது இருந்தால் தெரிவிப்பது. இது பாரம் மட்டும் இல்லை, உங்கள் கையில் இருக்கும் ஆயுதமும்கூட. குழாயின் எடை தெரியாமல் தூக்கச் சொன்னால், "எடை சொல்லுங்கள், பிளானில் எழுதிக்கொள்கிறோம்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது. ஸ்லிங்கில் தாங்கும் எடை எழுதிய லேபிள் கிழிந்திருந்தால் அந்த ஸ்லிங்கைத் தனியாகக் கழற்றிப் போடுங்கள். தூக்கு கியர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகரிடம் போய் வர வேண்டும். லேபிள் இல்லாத ஸ்லிங் போனதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? அப்புறம், உருண்டைக் குழாயை நடுவில் ஒரே சுற்றில் கட்டி இறக்குவதை இன்னும் பார்க்கிறேன். அது ஒரு பக்கம் சாய்ந்து வழுக்கினால் பள்ளத்துக்குள் இருப்பவர் ஓட இடம் இல்லை. இரண்டு இடத்தில் கட்டி, கயிற்றால் திருப்பிப் பிடித்து, குழாய் இறங்கி நிற்கும் வரை உள்ளே யாரும் வராமல் இருப்பதுதான் பாடத்தில் சொல்லித்தருவது. பாடத்தை முடித்து வந்தவர்களையே "நேரம் இல்லை" என்று மறக்க வைத்துவிடுகிறார்கள்.

பணத்துக்கு வருகிறேன்.

பயிற்சிக் கட்டணம் உங்கள் சம்பளத்தில் பிடித்தம் ஆகக் கூடாது. சட்டம் கட்டாயமாக்கிய பயிற்சி, வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் லெவி, மருத்துவக் காப்புறுதி, ஊருக்குத் திரும்பும் டிக்கெட் எல்லாம் முதலாளி செலவு. இதைத் தெரிந்த கம்பெனிகள் "டிரெயினிங்" என்று எழுதுவதில்லை. "அட்வான்ஸ்" என்று எழுதி மாதம் ஐம்பது, நூறு வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) கழிப்பார்கள். வாங்காத அட்வான்ஸுக்கு ஒரு தாளில் கையெழுத்தும் கேட்பார்கள். போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை என்றால், போடும் முன் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து ஊரில் உள்ள ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். வேலை கொடுப்பதற்கோ பெர்மிட் புதுப்பிப்பதற்கோ முதலாளி பணம் வாங்குவது தனிக் குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடியது ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் அதிகபட்சம் இரண்டு மாதம். ஊர் ஏஜென்டுக்கு இந்த வரம்பு பொருந்தாது என்பதுதான் கொடுமை. அவரிடம் கொடுப்பதற்கு ரசீதாவது வாங்குங்கள்.

"ரிக்கர் அலவன்ஸ்" என்று வாயால் சொன்னதை நம்பி ஏமாந்தவர்களை எண்ணி முடியாது. விமானம் ஏறும் முன் வரும் ஐ.பி.ஏ. கடிதத்தில், அதாவது ஒர்க் பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் கடிதத்தில், அடிப்படைச் சம்பளம், நிரந்தர அலவன்ஸ், பிடித்தம் மூன்றும் எழுதியிருக்கும். தமிழிலும் பிரதி உண்டு, கேட்டு வாங்குங்கள். அதில் இல்லாத அலவன்ஸ் பெரும்பாலும் கைக்கு வராது. அதில் உள்ள தொகையைக் குறைக்க, உங்கள் எழுத்துச் சம்மதமும் அமைச்சுக்கு முன்கூட்டியே அறிவிப்பும் வேண்டும். சேர்ந்த முதல் வாரம் ஆபீசில் நீட்டும் தாள்க்கட்டில் அந்தச் சம்மதம் ஒளிந்திருக்கலாம். என் அறையில் இருந்த ஒருவர் அப்படி ஆறு தாளில் கையெழுத்துப் போட்டார். ஐந்தாவது தாளில் அவர் சம்பளம் குறைந்துபோயிருந்தது. தெரிய வந்தது எட்டு மாதம் கழித்து.

சம்பளப் பாக்கிக்கு மனுக் கொடுக்க ஓராண்டுதான் அவகாசம், பாக்கி விழுந்த நாளில் இருந்து. வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதம். "அடுத்த புராஜெக்ட் பணம் வரட்டும்" என்று இழுப்பதற்குக் காரணமே இந்தக் கெடுதான். மனுவை ஆன்லைனில் போடலாம், அரசு இணையதளங்களில் நுழையும் அடையாளக் கணக்கான சிங்பாஸ் இருந்தால் போதும். கவுன்டருக்குப் போனாலும் "ஆன்லைனில் போடுங்க" என்றுதான் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே ஒரு நாள் சம்பளத்தை விட்டு வரிசையில் நிற்கும் முன் சிங்பாஸை எடுத்துவிடுங்கள். பேஸ்லிப், ஐ.பி.ஏ., வேலை நேரம் எழுதிய டைரி மூன்றையும் எடுத்து வையுங்கள். டைரி என்றதும் சிரிக்கிறார்கள். ஓவர்டைம் வழக்கில் பல பேரைக் காப்பாற்றியது அந்த இரண்டு ரூபாய் நோட்டுப் புத்தகம்தான்.

அடிபட்டால் செய்ய வேண்டியது வேறு. கம்பெனி வண்டி உங்களைக் கம்பெனிக்குத் தெரிந்த கிளினிக்குக்குக் கொண்டுபோகும். அங்கே எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) ஒரு நாள், மீதி "லைட் டியூட்டி". விரல் நசுங்கியவருக்கும் லைட் டியூட்டி. டாக்டரிடம் சூப்பர்வைசரைப் பேச விடாதீர்கள். "வேலை செய்யும்போது குழாய் நசுக்கியது" என்று நீங்களே சொல்லுங்கள். "படியில் விழுந்தேன்" என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் அதை மாற்ற மாதக்கணக்கில் அலைய வேண்டும். வலி அடங்கவில்லை என்றால் அரசு மருத்துவமனைக்குப் போகலாம், கம்பெனி கடிதம் இல்லாமலே பார்ப்பார்கள்.

வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தவறு என்ற கேள்வி கிடையாது. கார்டு இல்லாமல் ஸ்லிங் மாட்டியவருக்கும் உரிமை உண்டு, "நீயும் மாட்டிக்கொள்வாய்" என்ற மிரட்டலுக்கு மயங்காதீர்கள். எம்.சி. நாளில் முதல் 14 நாளுக்கு, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் 60 நாளுக்கு, முழுச் சம்பளம். அதன் பிறகு ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. இந்தக் கணக்கு ஓவர்டைமும் சேர்ந்த சராசரி மாத வருமானத்தில் போட வேண்டியது. கம்பெனி அடிப்படைச் சம்பளத்தில் போட்டுக் கொடுக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பரில் இருந்து ஒரு நாள் எம்.சி.யோ லைட் டியூட்டியோ கொடுத்தால்கூட முதலாளி அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் நீங்களே கிளெய்ம் போடலாம், விபத்து நடந்த ஓராண்டுக்குள். பெர்மிட்டை ரத்து செய்துவிட்டாலும் கிளெய்ம் சாகாது. டிக்கெட்டைக் கையில் கொடுத்து "ஊருக்குப் போய் ரெஸ்ட் எடு, இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னால், கிளம்பும் முன் வெளியில் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

கடைசியாக, "உன்னைப் படிக்க வைத்தோம், வேறு கம்பெனிக்குப் போக முடியாது" என்ற பேச்சு. கட்டுமான பெர்மிட் முடிவதற்கு 40 நாள் முதல் 21 நாள் வரை உள்ள இடைவெளியில், பழைய முதலாளி சம்மதம் இல்லாமலே புதிய கம்பெனி உங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ரிக்கர் சான்றிதழ் உங்கள் பெயரில் உள்ளது, கம்பெனி லாக்கரில் பூட்டியிருந்தாலும் அது உங்களுடையது. பாஸான அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாக மாட்டிக்கொண்டால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் எண் 6536 2692. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.