உதைப்பதற்கு முன்னால்: 18 வருடம் நின்ற ஒரு புல்லட்டின் உள்ளே

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில், மாமா வீட்டுத் தொழுவத்தில் ஒரு புல்லட் 350 நின்றுகொண்டிருந்தது. 18 வருடம். மேலே வைக்கோல் தூசி, சீட்டுக்குள் எலிக்கூடு, செயின் துருவேறிக் கம்பி மாதிரி விறைத்திருந்தது. வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல், போடிமெட்டு ஏறி மூணாறு என்று, பின்னால் அத்தையையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு மாமா சுற்றிய வண்டி அது. அதை மறுபடி ஓடவைக்க வேண்டும் என்ற ஆசையில், தூசியைத் துடைத்த கையோடு கிக்கரில் கால் வைத்துவிட்டேன்.

கூட வந்திருந்த மதுரை மெக்கானிக் அண்ணன் தோளைப் பிடித்து நிறுத்தினார். "உதைச்சிராதீங்க தம்பி. 18 வருசத்துல ஆகாத கேடு ஒரே உதையில ஆயிரும்."

அவர் சொன்னதை அன்று அப்படியே கேட்டுக்கொண்டேன். ஏன் அப்படி என்பது, அடுத்த ஒரு மாதம் வண்டியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. நிறுத்திய வண்டி சும்மா நிற்பதில்லை. காற்று, ஈரம், மிச்சமிருந்த பெட்ரோல், ஆயில் எல்லாம் ஒவ்வொரு நாளும் உள்ளே ஏதாவது செய்துகொண்டே இருக்கின்றன.

முதலில் பிஸ்டன். புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர். உள்விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் 90 மில்லிமீட்டர், மொத்தம் 346 சிசி. நீண்ட ஓட்டமும் எஞ்சினுக்குள் சுழலும் கனமான ஃப்ளைவீல் சக்கரமும் சேர்ந்துதான், மலையேற்றத்தில் அவசரமில்லாமல் இழுக்கும் அந்த பலத்தை அதற்குத் தருகின்றன. ஆனால் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிற்கும்போது வால்வு ஏதாவது ஒன்று திறந்தபடி நின்றுபோனால், சைலன்சர் வழியாகவோ, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் வழியாகவோ ஈரக்காற்று நேராகச் சிலிண்டருக்குள் போய்வரும். பழைய புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. பிஸ்டனைச் சுற்றி மாட்டிய ரிங்குகளும் இரும்புதான். இரும்பு துருவாகும்போது முன்பு அடைத்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருப்பதோ மயிரிழை இடம். அதற்குள் துரு ஊதிப் பெருத்தால் ஆப்பு அடித்தது போலத்தான். எங்கள் வண்டியில் பிஸ்டன் அசையவே இல்லை. அன்று ஓங்கி உதைத்திருந்தால் ரிங் உடைந்து, அதன் துண்டு சிலிண்டரைக் கீறியிருக்கும்.

இதை விடுவிக்க அண்ணன் எடுத்த ஆயுதம் வெயில். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசலும் மெல்லிய ஆயிலும் கலந்து உள்ளே ஊற்றினார். வண்டியைப் பகலில் முற்றத்து வெயிலில் நிறுத்தச் சொன்னார். இரவில் அப்படியே விட்டுவிடச் சொன்னார். பிஸ்டன் அலுமினியம். ஒரே அளவு சூட்டுக்கு, அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 70 மில்லிமீட்டர் பிஸ்டனுக்கு, 30 டிகிரி வெப்பம் கூடினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 0.025 மில்லிமீட்டர். ஒரு தாளின் தடிமனில் கால்வாசி. அந்தக் கால்வாசி பகலில் நெருக்கி, இரவில் விலகி, மறுநாள் மறுபடி நெருக்குகிறது. துரு பொடிப்பொடியாக விரிசல் விடுகிறது. ஒவ்வொரு விரிசலுக்குள்ளும் எண்ணெய் தானாக ஏறிக்கொள்கிறது, விளக்குத் திரியில் ஏறுகிற மாதிரி. சித்திரை வெயிலுக்கு இப்படி ஒரு வேலை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒன்பதாம் நாள், புதுச் செயினை மாட்டி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினோம். ஒரு விரற்கடை நகர்ந்தது. 'கரக்' என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு மாமா எழுந்து நின்றுவிட்டார்.

அடுத்தது ஆயில். புல்லட்டில் ஆயிலுக்கென்று தனி டேங்க் வெளியே தொங்காது. எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸ் வார்ப்பிலேயே ஓர் அறை இருக்கும். அதிலிருந்து ஒரு பம்ப் ஆயிலை எஞ்சினுக்கு அனுப்பும், இன்னொரு பம்ப் கீழே வடிந்ததைத் திருப்பி இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால், பம்பின் நுண்ணிய இடைவெளி வழியாக ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கி, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் இருக்கும் இடத்தை நிரப்பிவிடும். மேலே வால்வுகளை அமுக்கும் ராக்கர் பக்கம் காய்ந்து கிடக்கும், கீழே குளம். உதைத்தால் ஃப்ளைவீல் அந்தக் குளத்தைக் கலக்கும், ஆயில் பிஸ்டனைத் தாண்டி மேலேறிப் புகையும். அதே நேரத்தில் புது ஆயில் வர வேண்டிய இடங்களுக்கு எதுவும் வந்திருக்காது. பழைய புல்லட்டில், பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் பிக் எண்டில் உருளை பேரிங் இல்லை, மிதக்கும் உலோக வளையமான புஷ்தான். ஆயில் படலம் இல்லாமல் அது சுழலக் கூடாது.

ஆகவே கீழே இருக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றி எல்லாவற்றையும் வடித்தோம். கறுத்த, கூழ் மாதிரியான ஆயில். புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமல் கிக்கரைக் கையாலேயே அமுக்கிச் சுற்றினோம். பிளக் இல்லையென்றால் அமுக்கம் இல்லை, பேரிங் மேல் பளு இல்லை, பம்ப் மட்டும் வேலை செய்யும். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைத் தளர்த்தி வைத்து, அங்கே தேன் நிறத்தில் ஆயில் கசிகிறவரை சுற்ற வேண்டும். கை கழன்றுபோகும், ஆனாலும் இதை மட்டும் தவிர்க்கவே கூடாது.

டேங்கின் கதை வேறு. மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனை இல்லை, பழைய வார்னிஷ் வாசனை. பெட்ரோல் ஒரே பொருள் இல்லை. 4 முதல் 12 கார்பன் அணுக்கள் வரை உள்ள பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. லேசானவை முதலில் பறந்துவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சட்டென்று பற்றுவதற்கு உதவுபவையே அவைதான். மிச்சத்தில் சில வகைகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசினாகும். வேப்ப மரத்தில் வடிந்து காய்ந்த பிசின் மாதிரியே நிறமும் பிடிப்பும்.

துருவுக்குக் காரணம் டேங்க் மூச்சு விடுவது. பாதி காலியான டேங்கில் 7 லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பகலுக்கும் இரவுக்கும் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால், அந்தக் காற்றில் 4 சதவீதம், கிட்டத்தட்ட 280 மில்லிலிட்டர், மூடியின் துளை வழியாகப் பகலில் வெளியே போய் இரவில் உள்ளே வரும். ஒரு வருடத்துக்கு 100 லிட்டர். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் 100 லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் தண்ணீர் இருக்கும். அதில் ஒரு பங்கு படிந்தாலும் போதும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். நேராக அடியில், பெட்ரோல் டேப்புக்குப் பக்கத்தில் போய் உட்காரும். துரு அங்கேதான் அதிகமாக இருந்தது.

சின்ன போல்ட்டுகளையும் நட்டுகளையும் அத்தை புளித்தண்ணீரில் போட்டுவிட்டார். குத்துவிளக்கு விளக்குகிற அதே புளி. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைத்து, இரும்பு அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். டேங்குக்கு அது சரிப்படாது, நார் உள்ளே சிக்கும். அங்கே சலவைச் சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, மின்சாரம் பாய்ச்சினோம். டேங்க் பேட்டரியின் நெகட்டிவ் முனையில், நடுவே எதையும் தொடாமல் தொங்கும் இரும்புக் கம்பி பாசிட்டிவ் முனையில். எலக்ட்ரான்கள் டேங்குக்குள் வந்து துருவை மாற்றித் தளர்த்துகின்றன, எழும் ஹைட்ரஜன் குமிழிகள் அதை உதிர்க்கின்றன. ஹைட்ரஜன் தீப்பிடிக்கும், முதலில் டேங்கைப் பெட்ரோல் ஆவி இல்லாமல் நன்றாகக் கழுவிவிட்டு, திறந்தவெளியில் செய்ய வேண்டும். கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கவே கூடாது, அதிலிருந்து நச்சான குரோமியம் கரைசலில் கலந்துவிடும். கழிவறை ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் உண்டு. அது துருவோடு நல்ல தகட்டையும் தின்றுவிடும், தயவுசெய்து வேண்டாம்.

கார்புரேட்டரில் பொறுமைதான் தேவை. வண்டி மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வரும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அடைப்பைக் குத்த ஊசியை எடுக்கக் கை துடிக்கும். ஜெட் பித்தளை, ஊசி எஃகு, குத்தினால் துளை பெரிதாகிவிடும். துளை விட்டத்தில் 10 சதவீதம் கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடும், வண்டி அப்புறம் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும். ரப்பர் டியூப், வாஷர் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினோம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது ஊதவைக்கும், ஈரத்தையும் இழுக்கும்.

டயரில் வெடிப்பு விழுந்திருந்தது, பேட்டரி சல்பேட் கட்டிச் செத்திருந்தது. இரண்டும் புதுசு. ஒரு பழைய ஹார்ன் மட்டும் திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில் கிடைத்தது.

கடைசியாக ஸ்பார்க். பாயின்ட்டுகள் என்பவை திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச் முனைகள். அவை மூடியிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடி காந்தப்புலம் உண்டாகிறது. அவை திறக்கும் நொடியில் புலம் சரிந்து, ஆயிரக்கணக்கான வோல்ட் பிளக்கில் பாய்கிறது. 18 வருட ஆக்சைடு படலம் அந்தச் சிறு முனைகளை மூடியிருந்ததால், மின்சாரம் ஓடவே இல்லை. நைசான உப்புத்தாளால் இரண்டு இழுப்பு, பிறகு வெள்ளைத்தாளை நடுவில் வைத்துத் துடைப்பு, 0.4 மில்லிமீட்டருக்குள் இடைவெளி. சாவியைத் திருப்பினதும், பேட்டரியிலிருந்து மின்சாரம் போவதையும் வருவதையும் காட்டும் அம்மீட்டரின் முள் இடதுபக்கம் சாய்ந்தது.

அந்த முள்தான் புல்லட்டை உதைக்கச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். கிக்கரை மெல்ல அமுக்கினால், பாயின்ட் திறக்கும் இடத்தில் முள் நடுவுக்கு வரும். பிஸ்டன் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். டிகம்ப்ரெஷர் லீவரைப் பிடித்து அமுக்கத்தைக் கொஞ்சம் வெளியேற்றி, உச்சியை மயிரிழை தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, முழு வீச்சில் ஓர் உதை. மாமாவுக்கு 71 வயது. "நீ தள்ளி நில்லு" என்றார். முள் நடுவுக்கு வருகிறவரை அவர் கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது உதையில் பற்றியது. சைலன்சரில் நீலப்புகை கிளம்பி தொழுவமே மறைந்தது. சிலிண்டரில் ஊற்றிய எண்ணெய் எரிகிறது என்றார் அண்ணன். பத்து நிமிடத்தில் புகை அடங்கி, அந்த ஒற்றைச் சிலிண்டர் சத்தம் மட்டும் நின்றது. மாமா ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகினார். முள் வலதுபக்கம் போனது. பேட்டரி சார்ஜ் ஏறத் தொடங்கியிருந்தது.