பகலோட்ட விளக்கு: டிஆர்எல் என்ற பெயரும் அதன் பொருளும்

டிஆர்எல் என்று சொன்னால் இன்று எந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையிலும் புரியும். விரித்தால் டேடைம் ரன்னிங் லைட். பட்டப்பகலிலும் காரின் முகப்பில் வெள்ளையாக எரிகிற சிறிய விளக்கு. புதிய கார்களில் கம்பெனியிலிருந்தே வருகிறது. பழைய வண்டிக்காரர்கள் தனியாக வாங்கிப் பொருத்துகிறார்கள். அப்படிப் பொருத்தும்போது நடக்கும் தவறுகளில் பாதிக்கு, அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று தெரியாததுதான் காரணம் என்பது என் எண்ணம்.

‘பகல்நேர ஓடும் விளக்கு’ என்று சிலர் எழுதுகிறார்கள். நம்மூரில் ரன்னிங் லைட் என்றால் கல்யாண வீட்டு வாசலில் வரிசையாக ஓடி ஓடி எரியும் சீரியல் செட்தான் நினைவுக்கு வரும். இதுவும் அப்படி ஏதோ ஓடுகிற விளக்கு என்று எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் இங்கே ஓடுவது வண்டி, விளக்கு அல்ல. இந்தப் பெயர் கடலிலிருந்து கரையேறியது. கப்பல் ஓட்டத்தில் இருக்கும்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்புறம் வெள்ளை என்று விளக்குகளைக் காட்டியாக வேண்டும். அவற்றைத்தான் மாலுமிகள் ரன்னிங் லைட்ஸ் என்றார்கள். கடலுக்கு வெளிச்சம் போடுவது அவற்றின் வேலை அல்ல. எதிரே வரும் கப்பலுக்கு ‘நான் இங்கே இருக்கிறேன், இந்தப் பக்கமாகப் போகிறேன்’ என்று தெரிவிப்பதே வேலை.

காரிலும் அதே வேலைதான். ஹெட்லைட் நாம் பார்ப்பதற்கு, டிஆர்எல் நம்மைப் பிறர் பார்ப்பதற்கு. தமிழில் இந்த வேறுபாடு வினைச்சொல்லிலேயே இருக்கிறது. விளக்குதல் என்றால் இன்னொன்றைத் தெளிவாகக் காட்டுதல், விளங்குதல் என்றால் தானே தெளிவாகத் தெரிதல். ஹெட்லைட் சாலையை விளக்குகிறது. டிஆர்எல்லால் வண்டி விளங்குகிறது. காட்டுவதற்காக மட்டும் பகலில் விளக்கு ஏற்றுவது நமக்குப் புதிதும் அல்ல. பாளையக்காரர் ஊர்வலங்களில் பகல் தீவட்டி பிடிப்பது ஒரு மரியாதையாக இருந்தது. பகலில் வழி தெரியாமலா தீவட்டி பிடித்தார்கள்? வருவது யார் என்று ஊருக்குத் தெரியவேண்டும், அதற்காகத்தான்.

சாலையில் இதைச் சட்டமாக்கியவர்கள் வெயில் குறைந்த வடக்கு நாட்டினர். பின்லாந்து 1972-இல் குளிர்காலத்துக்கு, ஊர்களுக்கு வெளியே உள்ள சாலைகளில், பகலிலும் விளக்கு எரியவேண்டும் என்றது. சுவீடன் 1977 அக்டோபரில் ஆண்டு முழுவதற்குமே கட்டாயமாக்கியது. சுவீடன்காரர்கள் வைத்த பெயர் ‘வர்செல்யூஸ்’, அதாவது அறிவிப்பு ஒளி. எனக்குத் தெரிந்த பெயர்களில் வேலையை நேராகச் சொல்வது அதுதான். அந்தக் காலத்து வோல்வோ கார்களில் முன்பக்கப் பார்க்கிங் லைட் கூட்டிலேயே 21 வாட் பல்பு ஒன்றைப் பகலுக்கென்று வைத்தார்கள். இண்டிகேட்டருக்குப் போடும் அளவு பல்பு அது. கனடா 1989 டிசம்பரிலிருந்து புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி முதல் புதிய மாடல் கார்களுக்கு வந்தது. பழைய வண்டிகளில் கட்டாயம் பொருத்தவேண்டும் என்று ஒன்றியம் சொல்லவில்லை.

இந்தியாவில் இந்தச் சிந்தனை இருசக்கர வண்டி வழியாக வந்தது. 2017 ஏப்ரல் முதல் புதிய பைக், ஸ்கூட்டரில் எஞ்சின் ஓடினாலே ஹெட்லைட் எரியும். அது வந்த புதிதில் எதிரே வருபவர்களெல்லாம் விரல்களை விரித்து மடக்கி ‘லைட் எரியுது’ என்று சைகை காட்டினார்கள். அக்கறையோடு செய்ததுதான். வண்டி தங்கள் கண்ணில் பட்டுவிட்டது என்பதற்கு அந்தச் சைகையே சாட்சி.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘பகல் விளக்கு’ சுருக்கமானது. ஆனால் பகலில் ஏற்றிய விளக்கு வீண் என்ற நினைப்பு அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘பகல்நேர இயக்க விளக்கு’ அரசாணை போல இருக்கிறது. நான் ‘பகலோட்ட விளக்கு’ என்பேன். தேரோட்டம், வெள்ளோட்டம் என்று ஓட்டத்தைச் சேர்த்துச் சொல் ஆக்குவது நமக்குப் பழக்கம். பகலில் வண்டி ஓட்டத்தில் இருக்கையில் எரியும் விளக்கு என்று கேட்டவுடன் புரியும். ஜெர்மன்காரர்களின் ‘டாக்ஃபார்லிக்ட்’ என்ற சொல்லும் பகல், ஓட்டம், ஒளி என்ற இதே மூன்றின் சேர்க்கைதான். கடையில் டிஆர்எல் என்றே கேளுங்கள், எழுதும்போது பகலோட்ட விளக்கு என்று எழுதுங்கள்.

இந்தப் பொருளை மனதில் வைத்துக்கொண்டால் பழைய காரில் பொருத்தும் முறையும் தெளிவாகிவிடும். வண்டி ஓட்டத்தில் இருக்கும்போதுதான் எரியவேண்டும், ஹெட்லைட் போட்டதும் ஒதுங்கவேண்டும். ஐநா விதி எண் 87 இதற்கு 400 முதல் 1200 கேண்டெலா (ஒளிச்செறிவை அளக்கும் அலகு) வரை ஒளி வைத்திருக்கிறது. நிறம் வெள்ளை மட்டும். பகலில் கண்ணில் படுவதற்காக நேராக எதிராளியின் கண்ணை நோக்கி வீசும் ஒளி அது. ஹெட்லைட்டின் டிம் ஒளிக்கு இருப்பதுபோல மேலே வெட்டிவிடும் எல்லைக் கோடு இதற்குக் கிடையாது. இரவிலும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் எதிரே வருபவருக்குக் கண் கூசும்.

நல்ல எல்இடி செட்டில் ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி வரும். அதிலிருந்து பேட்டரிக்கு ஒரு வயர், எர்த்துக்கு ஒன்று, மூன்றாவது பார்க்கிங் லைட் வயருக்கு. எஞ்சின் நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும். ஓடத் தொடங்கியதும், எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் அதை 14 வோல்ட் பக்கம் ஏற்றும். அந்த ஏற்றத்தை உணர்ந்து பெட்டி விளக்கைப் போடுகிறது. பார்க்கிங் லைட் வயரில் மின்சாரம் வந்ததும் அணைக்கிறது அல்லது மங்க வைக்கிறது. அவசரத்தில் பொருத்தும் இடங்களில் இந்த மூன்றாவது வயரை இணைக்காமல், நுனியில் கறுப்பு டேப்பைச் சுற்றி கிரில்லுக்குப் பின்னால் தொங்கவிட்டுவிடுகிறார்கள். வண்டியை எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து அந்த வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். பேட்டரியிலிருந்து வரும் வயரில் ஃபியூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கும்போது விளக்கின் முன்கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’யும், அருகே ‘ஆர்எல்’ எழுத்துகளும் பொறித்திருந்தால், இந்தப் பயன்பாட்டுக்கென்றே சோதித்து ஒப்புதல் தந்தது என்று பொருள். ரன்னிங் லைட் என்பதன் சுருக்கம்தான் அந்த ஆர்எல்.

செட் வாங்காமல் பகலெல்லாம் டிம் லைட்டைப் போட்டு ஓட்டினால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும். ஆனால் ஹெட்லைட்டில் இருக்கும் எச்4 வகைப் பல்பு இரண்டுக்கு மட்டும் 110 வாட், அப்புறம் பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு. எல்இடி செட்டுக்குப் பொதுவாக 20 வாட்டுக்குள் போதும்.

ஒன்றை மட்டும் இந்த விளக்கு செய்யாது. பின்பக்கத்தை அது காட்டாது. அந்தி நேரத்திலும் மழையிலும் முன்னால் ஏதோ எரிகிறதே என்று ஓட்டுநர் ஸ்விட்சைத் தொடாமல் போய்க்கொண்டிருப்பார், பின்விளக்கு இருட்டாகவே இருக்கும். கனடாவில் இந்தச் சிக்கல் பெரிதாகி, 2021 செப்டம்பர் முதல் புதிய வண்டிகளில் பகலோட்ட விளக்கோடு பின்விளக்கும் எரியவேண்டும், அல்லது இருட்டில் எல்லா விளக்கும் தானாக எரியவேண்டும், அதுவும் இல்லையென்றால் டாஷ்போர்டு இருண்டே கிடந்து ஓட்டுநரை உணர்த்தவேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். பழைய வண்டியில் அதை நாம்தான் செய்யவேண்டும். அந்தி மங்கியதும் ஸ்விட்சை முதல் நிலையோடு நிறுத்தாதீர்கள். அங்கே பகலோட்ட விளக்கு அணைந்தோ மங்கியோ விடும், அதோடு 5 வாட் பார்க்கிங் லைட்தான் இருக்கும். இரண்டாம் நிலைக்கே திருப்பிவிடுங்கள்.