கொசுவின் வயது என்ன?

தண்டையார்பேட்டை வாசகி ஒருவர் கேட்கிறார்: "சாயங்காலம் ஜன்னலைச் சாத்த மறந்தால் வீடு முழுக்கக் கொசு. ஆனால் என் சின்ன வயதில் இருந்த அளவுக்கு மலேரியா இப்போது இல்லை. கொசு குறையாமல் மலேரியா மட்டும் எப்படிக் குறையும்?"

பாதி விடை எளிது. அவரைக் கடிப்பவற்றில் பெரும்பாலானவை பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா ஓடை போன்ற சாக்கடைத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் வகைக் கொசுக்கள். மனித மலேரியாவை அவை பரப்புவதில்லை. சென்னையில் அந்த வேலையைச் செய்வது அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற வேறு கொசு. அதற்கு ஓரளவு சுத்தமான தண்ணீர் வேண்டும்: மூடி உடைந்த சிந்தெக்ஸ் தொட்டி, கிணறு, கட்டட வேலை நடக்கும் இடத்தில் தேங்கிய தண்ணீர். மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் மொட்டை மாடி ஏறித் தொட்டியை எட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். எப்போது வரும் என்று தெரியாத தண்ணீரை ஆளுக்கொரு தொட்டியில் பிடித்துவைக்கும் வடசென்னை, ஸ்டீபன்சிக்கு நல்ல வசதி.

மீதிப் பாதிதான் எனக்குப் பிடித்த பகுதி. ஸ்டீபன்சியிலும் எல்லாக் கொசுவும் ஆபத்தில்லை. கிழட்டுக் கொசுதான் ஆபத்து.

நோயாளியின் ரத்தத்தோடு கிருமியை விழுங்கிய கொசு மறுநாளே அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட முடியாது. கிருமி அதன் வயிற்றுச் சுவரைத் துளைத்து, அங்கே முடிச்சாக வளர்ந்து (1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் பார்த்தது இந்த முடிச்சைத்தான்), பிறகு உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர வேண்டும். நம் ஊர் வெயிலில் இதற்குச் சுமார் 10 நாள் ஆகும். கொசுவின் ஆயுளில் 10 நாள் என்பது ரொம்பப் பெரிய காலம்.

1950களில் லண்டன் ஆய்வாளர் ஜார்ஜ் மெக்டொனால்டு இதைக் கணக்காகப் போட்டார். தினமும் நூற்றுக்கு 10 கொசு செத்தால், 10 நாள் தாண்டி மிஞ்சுவது 35. சாவை 20 ஆக்கினால் 11தான் மிஞ்சும். 30 ஆக்கினால் வெறும் 3. கொசுவின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் ஆபத்தும் பாதியாகும், அவ்வளவுதான். ஆயுளைக் கொஞ்சம் வெட்டினாலோ ஆபத்து மளமளவென்று சரிகிறது. வாசகி கேட்டாரே, கொசு இருக்க மலேரியா குறையுமா என்று. ஸ்டீபன்சியே நிறைய இருந்தாலும், அவை சீக்கிரம் சாகிற இடத்தில் குறையும்.

சரி, ஒரு கொசுவைப் பிடித்து வைத்துக்கொண்டு அதன் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? சோவியத் ஆய்வாளர் டெட்டினோவா காட்டிய வழி அபாரமானது. விடியற்காலையில் டார்ச்சும் உறிஞ்சு குழாயுமாக மாட்டுக் கொட்டகைக்குப் போய், சுவரில் உட்கார்ந்திருக்கும் பெண் கொசுக்களைப் பிடித்து வருவார்கள். மயங்கிய கொசுவை ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, வயிற்றின் கடைசி வளையங்களை ஊசி முனையால் மெல்ல இழுத்தால் இரண்டு சூலகங்களும் வெளியே வரும். அவற்றை உலரவிட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சூலகத்துக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்கள் கருப்பு இழைகளாகத் தெரியும். ஒருமுறைகூட முட்டையிடாத கொசுவில் அந்த இழைகளின் நுனிகள், சுருட்டி வைத்த தூண்டில் நரம்பு மாதிரி இருக்கும். முதல் முட்டைகள் வளரும்போது சூலகம் உப்பிச் சுருளை இழுத்து விரித்துவிடும். முட்டையிட்ட பிறகு சூலகம் சுருங்கினாலும் இழை மறுபடி சுருளுவதில்லை. உடம்பே எழுதி வைத்த பிறப்புச் சான்றிதழ்!

பிடித்த 100 கொசுக்களில் 50 முட்டையிட்டவை என்று வைத்துக்கொள்வோம். ரத்தம் குடித்து முட்டையிடும் ஒரு சுற்றுக்கு 3 நாள் என்றால், 3 நாளில் பாதி மிஞ்சுகிறது; அப்படியானால் தினமும் நூற்றுக்குச் சுமார் 79 பிழைக்கிறது என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். அப்புறம் மெக்டொனால்டு கணக்கு.

கொசுவலையும் வீட்டுச் சுவரில் அடிக்கும் மருந்தும் பலன் தருவதன் ரகசியமும் இதுவே. 10 நாள் தாண்ட வேண்டுமென்றால் கொசு மூன்று நான்கு முறையாவது ரத்தம் குடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மருந்து தோய்ந்த வலையிலோ சுவரிலோ உட்காரும் ஆபத்து அதற்கு உண்டு. தெருவில் புகை அடிக்கும் வண்டியோ, அந்த நேரத்தில் பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும். புகை கலைந்தால் மருந்தும் போச்சு. பெரிய அளவில் நோய் பரவும் நெருக்கடியில் அதற்கு ஒரு பயன் உண்டு. மற்ற நாட்களில் வாசனை மூக்கில் ஏறினால்தான் வேலை நடந்ததாக நம் மக்கள் நம்புகிறார்கள், கவுன்சிலர்களும் அதைக் கலைப்பதில்லை. இதை மூடநம்பிக்கைப் பட்டியலில் சேர்க்க எனக்குத் தயக்கமே இல்லை.

சூலகத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு சாதாரண நுண்ணோக்கி, இரண்டு ஊசி, பழகிய கை போதும். இந்தப் பழகிய கைக்குத்தான் பஞ்சம். மரபணுக் கருவி என்றால் திட்டப் பணம் கிடைக்கும். பூச்சியியல் படித்தவருக்கு நிரந்தர வேலை என்றால் கோப்பு நகராது. புகை எண்ணெய்க்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, ராயபுரத்துக்கு ஒருவர், தண்டையார்பேட்டைக்கு ஒருவர் என்று உட்கார வைத்தால்கூடப் போதும்: எத்தனை தொட்டியில் புழு இருந்தது என்ற கணக்குக்குப் பக்கத்தில், நூற்றுக்கு எத்தனை கொசு முட்டையிட்டது என்ற எண்ணும் வாரா வாரம் பதிவாகும்.