மருந்துக் கடையில் பார்ட் டைம் வேலையா? இஎஸ்ஐக்கு நாள்கணக்குதான், மணிக்கணக்கு கிடையாது

மாலை 5 மணிக்கு வந்து இரவு 9 மணிக்குக் கிளம்பும் பார்மசிஸ்ட்டிடம், "பார்ட் டைம் ஆளுக்கு இஎஸ்ஐ கிடையாதும்மா" என்று சொல்லும் மருந்துக் கடைகள் இன்னமும் உண்டு. தவறான பேச்சு இது. 10 பேர் வேலை பார்க்கும் கடைக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு), 20 பேர் இருந்தால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி). அந்தத் தலைக்கணக்கில் பார்ட் டைம் ஆட்களும் சேர்த்தி. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டாதவரை, எத்தனை மணி நேரம் வேலை பார்த்தாலும் இஎஸ்ஐயில் பதிந்தாக வேண்டும். 9,000 ரூபாய் சம்பளக்காரருக்குப் பிடித்தம் 0.75 சதவீதம், அதாவது 68 ரூபாய். முதலாளி கட்டுவது 3.25 சதவீதம், 293 ரூபாய்.

பதிந்துவிட்டார்கள் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. உடம்பு சரியில்லாமல் விடுப்பு எடுத்தால் தினச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு ஏப்ரல்–செப்டம்பர் அல்லது அக்டோபர்–மார்ச் அரையாண்டில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். தினம் 4 மணி நேரம் வந்தாலும் அது முழு நாள்தான். பல கடைகளில் கணக்கு எழுதுபவர், "நாலு மணி நேரம் அரை நாள்தானே" என்று 26 நாள் வந்தவருக்கு 13 என்று போட்டுவிடுகிறார். ஆறு மாதத்துக்குச் சரியாக 78. இடையில் இரண்டு நாள் லீவு போட்டிருந்தால் 77. பணம் கிடையாது. சம்பளமும் பிடித்தமும் சரியாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது; படுத்த பிறகுதான் தெரியும்.

சனி, ஞாயிறு மட்டும் வருபவருக்கு அரையாண்டில் 52 நாள்தான் தேறும். நோய்க்கால உதவித்தொகை வராது. ஆனால் பிரசவத்துக்குக் கணக்கு வேறு: முந்தைய இரண்டு அரையாண்டுகளும் சேர்ந்து 70 நாள் போதும். 104 நாள் வைத்திருக்கும் பெண்ணுக்கு 26 வாரம் முழுச் சம்பளம் உண்டு. வார இறுதியில் மட்டும் வரும் பெண்கள் இதைக் கேட்காமலே விட்டுவிடுவதுதான் வருத்தம்.

காலையில் ஆஸ்பத்திரி பார்மசி, மாலையில் கடை என்று இரண்டு இடத்தில் இருப்பவர்கள் இரண்டு இடத்திலும் அதே இஎஸ்ஐ எண்ணையும் யுஏஎன்னையும் (பிஎஃப்புக்கான நிரந்தர எண்) கொடுங்கள். புது எண் போட்டால் நாள்கள் இரண்டாகப் பிரிந்துவிடும்.

ஒவ்வொரு மாதப் பணமும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்படும். அதற்கு முன்பே, உங்கள் பெயருக்கு நேரே எத்தனை நாள் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு, வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.